சீன–ஐரோப்பிய ஓவிய உறவைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தத் துறையில் புதிதாக எழுத வருகிறவர்களின் வரைவுகளைத் திருத்தும் வேலை எனக்குத் தொடர்ந்து வாய்க்கிறது. ஆண்டுகளும் அரச வம்சங்களும் இடம் மாறிவிடுவதைச் சற்றுக் கவனத்தோடு எவரும் சரிசெய்துகொள்ளலாம் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன். என் தலைமுறையினர் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை கைமாறி வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஐரோப்பியர் கற்பித்தார், சீனர் கற்றார் என்று எழுதுவது

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் விளைவிப்பது இதுதான். 1688-இல் மிலானில் பிறந்து, 1715-இல் சீனா சென்று, லாங் ஷினிங் என்ற பெயரோடு 1766-இல் இறக்கும்வரை மூன்று பேரரசர்களிடம் ஓவியராகப் பணியாற்றிய இயேசு சபைச் சகோதரர் ஜுசெப்பே காஸ்டிலியோனேயை, ஆழமும் தொலைவும் வரையத் தெரியாத நாட்டுக்கு அவற்றைக் கொண்டுவந்தவர் என்றே பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கண்காட்சியில் கையேடும் விளக்க அட்டைகளும் இந்த ஒரே கருத்தின்மேல் எழுதப்பட்டு அச்சாகிவிட்டன. பிழை புரிந்தபோது ஒரு வரியை மட்டும் மாற்ற வழியில்லாமல் அனைத்தையும் புதிதாக எழுதி அச்சிட நேர்ந்தது. இன்றும் அதே வாக்கியம் வரைவுகளில் வரும்போது எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

மலைக் காட்சியில் தொலைவை உணர்த்தும் மூன்று வழிகளைப் பதினோராம் நூற்றாண்டிலேயே சீன ஓவியர் குவோ ஷி வகுத்துவிட்டார். கைச்சுருள் ஓவியத்தை வலமிருந்து இடமாகச் சிறிது சிறிதாக விரித்துப் பார்ப்பதால், ஒரே இடத்தில் நின்று நோக்கும் கண்ணுக்குத் தொலைவிலுள்ளவை சிறுத்துத் தெரியும்படி வரையும் ஐரோப்பியப் பெர்ஸ்பெக்டிவ் முறை அங்கே தேவைப்படவில்லை.

காஸ்டிலியோனேயின் 'நூறு குதிரைகள்' (1728) ஓவியத்தைப் பொறுமையாகப் பாருங்கள். ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளமுள்ள அந்தப் பட்டுச் சுருள் தைபேயில் இருக்கிறது. அதற்கான காகித முன்வரைவு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பட்டில் விழுந்த கோட்டை அழிக்க முடியாது. ஆகவே முன்வரைவு இன்றியமையாதது. நேர் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் காட்டப்படும் குதிரைகளின், பார்க்கும் கோணத்துக்கேற்பச் சுருக்கி வரையப்பட்ட உடல்கள் இத்தாலியப் பயிற்சியைச் சொல்கின்றன. ஆனால் நம் கண் நகரும் விதம் முழுக்கச் சீனச் சுருளுக்கே உரியது. அரச உருவப்படங்களில் முகத்தின் ஒரு பாதியை இருளில் ஆழ்த்தும் ஐரோப்பிய வழக்கத்தை அவர் கைவிட்டு, முன்னிருந்து சீராக ஒளி விழும்படி வரைந்தார், ஏனெனில் அரண்மனை அதைத்தான் விரும்பியது.

கற்க முன்வந்தவர்களும் தாங்களே தேடி வந்தார்கள். ஜிங்தேஜென் அரச பீங்கான் சூளைகளை மேற்பார்வையிட்ட அதிகாரி நியென் ஷீயாவ், இத்தாலிய ஓவியர் ஆந்த்ரேயா போத்சோவின் பெர்ஸ்பெக்டிவ் நூலை அடிப்படையாகக் கொண்டு 1729-இல் சீன மொழியில் ஒரு நூலை வெளியிட்டு, 1735-இல் அதை விரிவாக்கினார். காஸ்டிலியோனே உதவியதை அவரே முன்னுரையில் குறிப்பிட்டார். எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதைத் தீர்மானித்தவர்கள் பெய்ஜிங்கில் இருந்தவர்கள். இதைச் சொல்லாத கட்டுரையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பூஷேயின் ஓவியங்களைச் சீன வாழ்க்கைக்குச் சான்றாகக் காட்டுவது

சீனக் காட்சிகளை வரைந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் பூஷே சீனாவுக்குப் போனதே இல்லை.

தாக்கம் கிழக்கு நோக்கியே சென்றது என்று நினைப்பது

பெய்ஜிங் அரண்மனையில் பணியாற்றிய பிரெஞ்சு ஓவியர் ழான்-தெனி அத்திரே 1743-இல் சீனத் தோட்டங்களைப் பற்றி எழுதிய கடிதம் 1749-இல் பாரிஸில் அச்சானது. ஐரோப்பாவில் தோட்டம் அமைப்போர் அதை ஆர்வத்தோடு படித்தனர்.

பெயரை வைத்து ஊரை முடிவு செய்வது

கொரமண்டல் அரக்குத் திரைகள் சீனாவில் செய்யப்பட்டவை. சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.