போர்தோ சிவப்பு ஒயின் நெடுங்காலம் தாங்குமா? சுவைத்து அறியும் முறை

பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின் ஒன்றை இப்போதே குடிப்பதா, இருபது ஆண்டுகள் வைத்திருப்பதா என்பதை அதன் விலை சொல்லிவிடாது. போர்தோவின் சிறந்த திராட்சைத் தோட்டங்களை வகைப்படுத்திய 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் இடம்பெற்ற தோட்டமென்றால் நம்பிக்கை பிறக்கும்தான். ஆயினும் அறுவடை ஆண்டையும் பார்க்க வேண்டும். 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் நல்ல ஒயின்கள் நெடுங்காலம் தாங்குபவை. குளிரும் மழையும் கெடுத்த 2013-ஐக் காத்திருக்க வைப்பதில் பயனில்லை.

ஊட்டியிலோ குன்னூரிலோ சுவைப்பவர் முதலில் ஒயினின் வெப்பநிலையைச் சரிபார்க்க வேண்டும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் பொருத்தமானது. மார்கழி மாலையில் நம் அறைகள் அதைவிடக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த ஒயினில் மணம் ஒடுங்கி, துவர்ப்பு உள்ளதைவிடக் கடுமையாகத் தோன்றும். கிண்ணத்தை உள்ளங்கைகளில் ஏந்திச் சற்றே பொறுத்திருந்தால் போதும். போத்தலைக் கணப்பின் அருகில் வைக்கக் கூடாது.

வெள்ளைத் தாளின் மேல் கிண்ணத்தைச் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள். இளம் ஒயினில் அது ஊதா கலந்திருக்கும். சில ஆண்டுகளிலேயே செங்கல் நிறம் ஏறியிருந்தால் ஒயின் விரைவாக முதிர்கிறது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் அது கார்க்கினால் நேர்ந்த கேடு. அந்தப் போத்தலை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

உண்மையான சோதனை வாயில்தான் நடக்கிறது. குன்னூர் ஏலத்திற்கு வரும் தேயிலையைச் சுவைப்பவர்கள் உறிஞ்சி, வாய் முழுதும் சுழற்றித் துப்புவதைப் போலவே இதையும் செய்ய வேண்டும். பிறகு ஈறுகளைக் கவனியுங்கள். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் பொருளான டானினின் துவர்ப்பு எவ்வளவு என்பதைவிட எத்தகையது என்பதே முக்கியம்: நுண்மையாக, சீராகப் படர்ந்தால் அது பழுத்த பழத்தின் துவர்ப்பு; ஓரிடத்தில் பிடித்து, நாவின் பின்புறம் பச்சைக் கசப்பை விட்டுச் சென்றால் பழுக்காத பழத்தினுடையது. நாவின் அடியில் உமிழ்நீர் ஊறினால் புளிப்பு போதுமான அளவு இருக்கிறது. துப்பிய பின் அரை நிமிடம் காத்திருந்து, இறுதியில் எஞ்சுவது பழச்சுவையா, வறட்சியா என்று பாருங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல டானின் நிறமிகளோடு இணைந்து மென்மையாகி, ஒரு பகுதி வண்டலாகப் படியும். ஆனால் அதே காலத்தில் பழச்சுவையும் குறைந்துகொண்டே வரும், இல்லாத பழச்சுவையைக் காலம் கொண்டுவந்து சேர்க்காது. அதனால்தான் துவர்ப்பு மிகுந்த 1975-ஆம் ஆண்டு ஒயின்கள் பல, கடைசிவரை இளகாமலே பழச்சுவையை இழந்தன. இளமையில் மென்மையாக இருந்ததால் சிலர் ஐயுற்ற 1982-ஆம் ஆண்டு ஒயின்களோ பல பத்தாண்டுகள் சிறப்பாக நின்றன. கடுமையைக் கண்டு ஆயுள் என்று நம்பிவிடுவதே இத்துறையில் மிகப் பரவலான பிழை என்பது என் கருத்து.

கேபர்னே சாவிஞான் என்ற திராட்சை வகை மேலோங்கும், போர்தோவின் மெடோக் பகுதி ஒயின்கள் இளமையில் இறுக்கமாகத்தான் இருக்கும். பிளம்ஸ் மணம் கமழும் பொமரோல் பகுதியின் மெர்லோ திராட்சை ஒயின்கள் அவற்றினும் முன்னதாகவே இணக்கமாகும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கலாகாது.

முடிவு எட்டவில்லையெனில், பாதிப் போத்தலை மூடிக் குளிர்ந்த அறையில் வைத்து மறுநாள் மாலை மீண்டும் சுவையுங்கள். காற்றுப்பட்டும் பழமணம் நிலைத்திருந்தால், அதிலும் முதல் நாளினும் விரிந்திருந்தால், அந்த ஒயினை நம்பி வைக்கலாம். தட்டையாகிவிட்டிருந்தால் மற்றப் போத்தல்களைச் சீக்கிரம் திறந்துவிடுங்கள்.

சேமிப்புக்கு 12 முதல் 14 டிகிரி ஏற்றது. நம் மலையின் குளிர் இதற்குத் துணை செய்தாலும், தகரக் கூரையின் கீழ் பகலும் இரவும் வெப்பம் ஏறி இறங்குவது ஒயினுக்குத் தீங்கானது; வெயில் படாத உட்சுவரை ஒட்டி, போத்தல்களைப் படுக்கவைத்து அடுக்குங்கள். ஈரப்பதம் கார்க்கைக் காய விடாது. ஆனால் மழைக்காலத்தில் லேபிள்கள் பூஞ்சை பிடித்து அழிந்துவிடும் என்பதால் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் தனி நோட்டில் எழுதி வையுங்கள்.