தர்மபுரியில் நூலக உறுப்பினர் ஆவது எப்படி?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் பணம் அது, ஆக நீங்கள் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று, போய் எடுத்துப் படிக்க வேண்டியதுதான் பாக்கி.

உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டாம், வாசலில் உள்ள பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் அட்டை. ஆதார் நகலோடு போய்ப் படிவம் கேளுங்கள், காப்புத்தொகையும் சந்தாவும் சின்னத் தொகைதான். மாவட்ட மைய நூலகம் தூரமென்றால் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஆட்கள் அங்குள்ள கிளை நூலகத்திலேயே சேரலாம்.

எந்தப் புத்தகம் எடுப்பது என்று குழம்பினால் நான் செய்வது இதுதான்: கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்ப்பேன், முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுவேன். அப்புறம், காலையில் பேப்பருக்குப் பெரியவர்களிடம் போட்டி போடாதீர்கள், ஜெயிக்க முடியாது. குரூப் 4-க்குப் படிப்பவர்கள் மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமென்றால் திறக்கும்போதே போய்விடுங்கள், தண்ணீர் பாட்டிலும் கையோடு இருக்கட்டும்.