கொழுப்புக் கல்லீரல்: மைக்ரோ ஆர்என்ஏ-122 அளக்க ரத்தம் எடுப்பது எப்படி?

மைக்ரோ ஆர்என்ஏ-122 என்பது மரபணுக்களின் வேலையை அடக்கும் ஒரு குட்டி ஆர்என்ஏ; எந்தப் புரதத்தையும் உருவாக்காது. நீளம் 22 எழுத்துதான். ஆனால் கல்லீரலில் உள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இதுவே. கொழுப்பு படிந்து செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். பிசிஆரில் (பிரதியெடுத்துப் பெருக்கி அளக்கும் முறை) அளப்பது பெரிய வேலை இல்லை. கடலூரில் எடுத்த ரத்தம் புதுச்சேரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கெடுவதுதான் தலைவலி.

முதலில் குடிப்பழக்கம். "எப்பவாச்சும்" என்ற பதிலோடு விடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை குவார்ட்டர் என்று கேளுங்கள். 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். வரம்பு ஆண்களுக்கு வாரம் 210 கிராம், பெண்களுக்கு 140. நாலு குவார்ட்டர் போடும் ஆணை மதுவில்லாக் கொழுப்புக் கல்லீரல் பட்டியலில் சேர்க்க முடியாது.

வெறும் வயிற்றில், ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 4 மில்லி எடுங்கள். பச்சை மூடி கூடாது. அதிலுள்ள ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு மருந்து பிசிஆர் நொதியை முடக்கிவிடும். குழாயைக் குலுக்காமல் 8 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

முழு ரத்தத்தைப் பஸ்ஸில் அனுப்பாதீர்கள். வெயிலிலும் குலுக்கலிலும் சிவப்பணு உடைந்து அதிலுள்ள மைக்ரோ ஆர்என்ஏ-16, 451ஏ இரண்டும் கொட்டும். 16-ஐ ஒப்பீட்டு அளவாக வைத்திருந்தால், 122 பொய்யாகக் குறைந்து தெரியும். எடுத்த 2 மணி நேரத்துக்குள் கடலூரிலேயே மையவிலக்கியில் 2000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றுங்கள். (ஆர்பிஎம் எனும் நிமிடச் சுற்று எண்ணிக்கை அல்ல, ஜி எனும் புவியீர்ப்பின் மடங்கு. இதில் குழம்பாதவர் குறைவு.) மேலே தெளியும் பிளாஸ்மாவை எடுக்கும்போது, சிவப்பணுக்கள் மேல் நிற்கும் வெள்ளைப் படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், பேராசைப்பட்டு பிப்பெட்டை இறக்கினால் பிளேட்லெட் வந்துவிடும். மிச்ச பிளேட்லெட் போக 12,000 ஜி-யில் இன்னொரு 10 நிமிடம். பிறகு 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து உலர்பனியில் அனுப்பி, மைனஸ் 80-இல் வையுங்கள். உருக்கி மறுபடி உறையவிடக் கூடாது.

உறைய வைக்கும் முன் வெள்ளைத் தாளில் பிடித்துப் பாருங்கள். வைக்கோல் நிறம் சரி, ரோஸ் நிறம் என்றால் கொட்டிவிடுங்கள். ஹீமோகுளோபினைக் காட்டும் 414 நானோமீட்டர் ஒளி அளவீட்டை மட்டும் நம்ப வேண்டாம். இந்த நோயாளிகளில் பலருக்கு பிளாஸ்மா பால் மாதிரி கலங்கி, அளவை ஏற்றிக் காட்டும். மைக்ரோ ஆர்என்ஏ-23ஏ-வின் சிடி-யிலிருந்து (பிசிஆரில் சமிக்ஞை தெரிய எடுக்கும் சுழற்சி எண்ணிக்கை) 451ஏ-வின் சிடி-யைக் கழியுங்கள். 7-க்கு மேல் வந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது.

கட்டுப்பாட்டுக்குச் சேர்க்கும் செயற்கையாகத் தயாரித்த, புழுவின் மைக்ரோ ஆர்என்ஏ-39-ஐ, புரதங்களைச் சிதைக்கும் லைசிஸ் கரைசல் ஊற்றிய பிறகே விடுங்கள். முன்னால் விட்டால் பிளாஸ்மா நொதிகள் நொடியில் தின்றுவிடும்.

டெங்கு, பாராசிட்டமால் மிகை, மஞ்சள் காமாலை எதுவானாலும் 122 ஏறும். ஏஎல்டி என்ற கல்லீரல் நொதியின் அளவோடு சேர்த்தே படியுங்கள். கல்லீரலில் தழும்பு முற்றியவர்களிடம் 122 இறங்கும். அந்த இறக்கத்தை 'குணமாகிறது' என்று எழுதிவிடாதீர்கள்.