பழைய போட்டோவில் எது படத்தில் இருப்பவருடையது, எது ஸ்டுடியோவுடையது?

19ஆம் நூற்றாண்டுப் படத்தில் தூணும் வெல்வெட் திரையும் தெரிந்ததுமே 'பெரிய இடத்து ஆள்' என்று முடிவு கட்டாதீர்கள். அவை பெரும்பாலும் ஸ்டுடியோ சாமான்கள். யார் வந்து நின்றாலும் அதே தூண்தான்.

படம் எதன்மேல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சாய்க்கச் சாய்க்கக் கண்ணாடிபோல் மின்னி, நெகட்டிவாகவும் மாறித் தெரிந்தால் டாகுரோடைப்: வெள்ளி பூசிய செம்புத் தகடு, விலை கூடியது. பின்பக்கம் காந்தம் இழுத்தால் டின்டைப். பெயரில்தான் டின், உள்ளே மெல்லிய இரும்பு, மலிவானது. சுமார் 6 × 10 செ.மீ. அட்டையில் ஒட்டிய காகிதப் படம் கார்ட் டி விசிட். பாரிஸில் டிஸ்டெரி என்ற புகைப்படக்காரர் 1854இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே தகட்டில் எட்டுப் படம் வரை எடுக்க முடிந்ததால் விலை இறங்கியது.

அமெரிக்க அட்டையைத் திருப்பியும் பாருங்கள். 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை போட்டோவுக்கு வரி இருந்தது. பின்னால் 3 சென்ட் ரெவின்யூ ஸ்டாம்ப் இருந்தால், படத்தின் விலை 25 சென்ட்டுக்கு மேல், 50க்குள்.

இனி பூதக்கண்ணாடி. முகத்தை விட்டுவிட்டு மணிக்கட்டுக்கு வாருங்கள். கோட்டின் கை விரல்வரை இறங்கியிருக்கிறதா, தோள் தையல் புஜத்தில் தொங்குகிறதா? அளவெடுத்துத் தைத்த கோட்டு அப்படி நிற்காது, இரவலாக இருக்கலாம். தடித்த விரல் கணுக்கள், தேய்ந்த ஷூ முனை: இவற்றை ஸ்டுடியோ கொடுக்க முடியாது. குதிகாலுக்குப் பின்னால் தெரியும் இரும்புப் பாதம், தலை அசையாமல் பிடிக்கும் தாங்கியுடையது.

பலர் வழுக்கி விழுவது நிறத்தில்தான். அந்தக் காலத்தில் தகட்டில் பூசிய கொலோடியன் என்ற ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கே அதிகம் மசியும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். ஆகவே கறுப்பாகத் தெரியும் உடையெல்லாம் துக்க உடையல்ல. துக்கத்துக்கு உடுத்திய கிரேப் துணியில் பளபளப்பே இராது; பட்டு மடிப்பில் ஒளி ஓடும். டாகுரோடைப்பிலும் டின்டைப்பிலும் இடம் வலம் மாறியிருக்கும். மோதிரம் எந்தக் கையில் என்பதை மாற்றிக் கணக்கிடுங்கள். நகைமேல் பொன் பொட்டு இருந்தால் அது பிறகு தூரிகையால் வைத்தது.

இரவல் சாமானும் சில சமயம் பேசும். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, அடிமை ஒழிப்புக்காகப் பேசிய சோஜர்னர் ட்ரூத், 1860களில் தன் படங்களை விற்றே செலவைச் சமாளித்தார். வெள்ளைச் சால்வை, பின்னல் ஊசி, மேசையில் புத்தகம். கண்ணியமான பெண்மணியாகத் தெரிய வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்த கோலம் அது.

சந்தேகம் தீராவிட்டால், அதே ஸ்டுடியோ முத்திரையுள்ள வேறு அட்டைகளைப் பக்கத்தில் வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் நாற்காலியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மிஞ்சுவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.