குட்டி போட்ட நாய் இருக்கும் பக்கம் போகும்போது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வாலாட்டிக்கொண்டு கூடவே வருகிற தோட்டத்து நாய்தான், ஆனால் ஷெட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கின இடத்தில் குட்டி போட்டுவிட்டால் முதல் இரண்டு மூன்று வாரம் அது வேறு நாய். குட்டிகளுக்குக் கண் திறக்கவே 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை காவல் முழுக்கத் தாய்தான்.

கடிப்பதற்கு முன்னால் பெரும்பாலும் சொல்லிவிடும். உடம்பு விறைக்கும், முதுகு மயிர் சிலிர்க்கும், மேலுதடு சற்றே சுருங்கிப் பல் தெரியும். குரைக்கிற நாயைவிட அசையாமல் நின்று உறுமுகிற நாய்க்குத்தான் நான் கூடுதல் பயப்படுவேன். ஓடாதீர்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி மெல்லப் பின்வாங்குங்கள். கன்று ஈன்ற பசுவும் இப்படித்தான், அதற்கும் கன்றுக்கும் நடுவில் போய் நிற்கக் கூடாது. கீரிப்பாறை, கோதையாறு பக்கம் குட்டியோடு யானை நின்றால் தூரத்தில் கண்டதுமே வந்த வழியே திரும்பிவிடுங்கள், போட்டோ வேண்டவே வேண்டாம்.

அப்புறம், நாய் கடித்துவிட்டால், சிறு கீறலானாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைத்துக் கட்டாதீர்கள், தயவுசெய்து. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பு ஊசி போடுங்கள், அங்கே இலவசம்தான், நம்ம வீட்டு நாய்தானே என்று ஒரு தவணையைக்கூட விட்டுவிடாதீர்கள்.