காருக்கு அடியில் சொட்டுவது என்ன? ஒழுகலைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய கார் வாங்கிய சில நாளில், வண்டி நின்ற இடத்தில் ஈரத் திட்டு தெரிய ஆரம்பிக்கும். விற்பதற்கு முன் இன்ஜினைக் கழுவித் துடைத்திருந்தால் ஒழுகல் வெளியே தெரியவே நாளாகும். திட்டைப் பார்த்ததும் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்லிவிடாதீர்கள். சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு.

அட்டை விரித்துப் பாருங்கள்

இரவில் சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றைப் போடுங்கள். முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துக்கொண்டால், சொட்டு எதற்கு நேர்கீழே விழுந்தது என்று காலையில் அளந்து பார்க்கலாம்.

என்ன திரவம்?

நிறமோ வாசனையோ இல்லாமல், ஏசி ஓடிய பிறகு மட்டும் சொட்டினால் அது வெறும் தண்ணீர். கவலை வேண்டாம். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்றால் பெரும்பாலும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்). ஆனால் பழசானால் சிவப்பு ஆயிலும் பழுப்பாகிவிடும், நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

அதற்கு ஒரு எளிய சோதனை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, அதில் ஒழுகிய திரவத்தை இரண்டு சொட்டு விடுங்கள். மேலே மிதந்து பளபளப்பான படலமாக விரிந்தால் ஆயில். தண்ணீரோடு கலந்துவிட்டால் கூலன்ட் அல்லது பிரேக் ஆயில் (டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகள் இரண்டும் தண்ணீரில் கலக்கும்). கூலன்ட் இனிப்பாக மணக்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைகால் நஞ்சு. நாய், பூனை நக்கவும் விடாமல் உடனே துடைத்துவிடுங்கள்.

சக்கரத்தின் உட்பக்கமோ பிரேக் பெடலுக்கு மேலோ ஈரமிருந்து அது பிரேக் ஆயில் என்றால், வண்டியை ஓட்டவே கூடாது. பெட்ரோல் வாடை அடித்தாலும் அப்படியே. இரண்டுக்கும் டோ செய்துதான் (வேறு வண்டியால் இழுத்துத்தான்) கொண்டுபோக வேண்டும்.

கசியும் இடம் எது?

ஆயில் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அடியில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் அதில் தேங்கி எங்கோ ஒரு ஓட்டை வழியே சொட்டும். அதனால் ஈரத்தின் மேல் எல்லையையும் முன் எல்லையையும் தேடுங்கள்.

இன்ஜின் ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டரையும் (பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) மின் கனெக்டர்களையும் பாலிதீனால் மூடி, டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) அடித்துக் கழுவித் துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி, 15 நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடியுங்கள். வெள்ளைப் பவுடரில் கோடு கிழித்தமாதிரி ஈரம் இறங்கியிருக்கும்; அந்தக் கோட்டின் தலைப்பகுதிதான் கசியும் இடம். அடியில் படுத்துப் பார்க்க வேண்டுமென்றால் தூக்கிய வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம், ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள்.

அடிக்கடி ஏமாற்றுவது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். அங்கே சொட்டினால் பின்பக்க கிராங்க் ஆயில் சீல் (இன்ஜினின் சுழல்தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் மேலே டேப்பெட் கவரின் (இன்ஜினின் மேல்மூடி) பின் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அந்த மூடிக்கு அடியிலுள்ள பேக்கிங் கெட்டியாகிக் கசிந்தால், ஆயில் இன்ஜினின் பின்புறமாகவே வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். ஆயில் மாற்றியவுடன் ஒழுகினால் ஃபில்டரைக் கழற்றுங்கள்: பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது உட்கார்ந்திருக்கலாம்.

கூலன்ட் என்றால் ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் ஓரம், வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். தரை காய்ந்திருந்தும் கூலன்ட் குறைந்தால், முன்சீட்டின் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்) உள்ளேயே கசியலாம்.

புதுப் பேக்கிங் போட்ட சில நாளிலேயே மறுபடி ஆயில் கசிந்தால் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) சோதியுங்கள். அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும்.