முகக்கவசமும் கூலிங் கிளாஸும் அணிந்து முகப்பூட்டைத் திறப்பதில் நேரும் தவறுகள்

வெயில் நேரத்தில் இருசக்கர வண்டியில் செல்பவர், மூக்கு வரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, அதற்கு மேல் கூலிங் கிளாஸும் மாட்டியிருக்கிறார். சிக்னலில் நிற்கும்போது வரும் அழைப்பைப் பார்க்கக் கைபேசியை முகத்துக்கு நேராகத் தூக்கினால், முகத்தைக் கண்டு திறக்க வேண்டிய அதன் முகப்பூட்டு திறப்பதில்லை. பேசி கெட்டுவிட்டது என்று அவர் சலித்துக்கொள்ளக்கூடும். உண்மையில் அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. கண்ணும் மூக்கும் வாயும் மறைந்த ஒருவரை இன்னார் என்று உறுதியாகச் சொல்ல, நெருங்கிய உறவினரே சற்றுத் தயங்குவார். சிக்கல் பேசி மறுப்பதில் இல்லை. அந்த மறுப்பைச் சரிசெய்வதாக நினைத்து நாம் அமைப்புகளில் செய்யும் மாற்றங்களில்தான் இருக்கிறது.

முதலில் பேசி எதைப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-இல் ஐபோன் எக்ஸ் மாதிரியுடன் வந்த ஃபேஸ் ஐடி என்ற முகப்பூட்டு, புகைப்படத்தை ஒப்பிடும் முறை அன்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிப் புள்ளிகளை முப்பதாயிரத்துக்கும் மேலாக முகத்தின் மீது வீசி, அவை விழும் விதத்திலிருந்து மேடு பள்ளங்களை அளந்து, கூடவே ஓர் அகச்சிவப்புப் படத்தையும் எடுத்துக்கொண்டு, முன்பு பதிந்துவைத்த கணக்குடன் அதை ஒப்பிடுகிறது. இருட்டிலும் அது வேலை செய்வதற்குக் காரணம் இதுவே. இதோடு, அதன் உரிமையாளர் கண்ணைத் திறந்து திரையை நோக்குகிறாரா என்பதையும் அது சோதிக்கிறது.

இதிலிருந்து, கூலிங் கிளாஸ் பற்றிய பொதுவான தவறான எண்ணம் ஒன்று விலகும். கண்ணாடி எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பது இங்கே முக்கியமில்லை. அது அகச்சிவப்பு ஒளியை உள்ளே விடுகிறதா என்பதே முக்கியம். நம் கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரியும் கண்ணாடி, பேசியின் அகச்சிவப்புக் கேமராவுக்குத் தெளிந்த நீர்போல இருக்கக்கூடும்; அகச்சிவப்பைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி, பார்வைக்கு வெளிறியிருந்தாலும் சுவராக நிற்கும். போலரைஸ்டு கண்ணாடி என்றாலே முகப்பூட்டு திறக்காது என்று சொல்வதும் சரியல்ல. அத்தகைய கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, பேசியைத் திருப்பும் கோணத்தைப் பொறுத்துத் திரை இருண்டு தெரிவது வேறு சிக்கல்; இரண்டையும் பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே பேசியில் ஒரு கண்ணாடி ஒத்துழைத்து மற்றொன்று ஒத்துழைக்கவில்லை என்றால், குறை பெரும்பாலும் கண்ணாடியில்தான் இருக்கும்.

கண்ணாடி தடுக்கும்போது மூக்கும் வாயும் தாடையும் தெரிவதால் முக வடிவம் பொருந்திவிடலாம். ஆனால் கண் திரையை நோக்குகிறதா என்ற சோதனை தோற்கும். இங்கேதான் மிகப் பெரிய தவறு நிகழ்கிறது. அமைப்புகளில் ‘ரிக்வயர் அட்டென்ஷன் ஃபார் ஃபேஸ் ஐடி’ என்ற தெரிவை அணைத்துவிட்டால் கண்ணாடியோடும் பேசி திறந்துகொள்ளும். தயாரிப்பாளரே இந்த வழியைக் கொடுத்திருப்பதால் இதில் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதை அணைத்தபின், நீங்கள் உறங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது பேசியை உங்கள் முகத்துக்கு எதிரே பிடித்தாலே திறந்துவிடும் நிலை உருவாகிறது. 2019-இல் பிளாக் ஹேட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தின் சுவான்வூ ஆய்வகத்தினர், சாதாரணக் கண்ணாடியின் மீது கறுப்பும் வெள்ளையுமாக டேப் துண்டுகளை ஒட்டி, அதை உறங்குபவருக்கு மாட்டி ஃபேஸ் ஐடியைத் திறக்கலாம் என்று செய்துகாட்டினார்கள். அந்தச் சோதனை இயங்கும்போதே ஏமாற்ற வழி தேடியவர்கள் இருக்க, நாமே அதை அணைத்துவைப்பது அவர்களுடைய டேப் செலவையும் மிச்சப்படுத்திக் கொடுப்பதாகும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதை அணைக்கும் வசதி உண்மையிலேயே தேவை. வெயிலுக்காகக் கண்ணாடி போடுபவர், ஒரு நொடி அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பதே என் கருத்தில் மேலானது.

முகக்கவசத்தின் கதை வேறு. அது கண்ணை விட்டுவிட்டு, மேடு பள்ளம் மிகுந்த கீழ்ப்பாதியை முழுவதும் மறைக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2020 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், பெருந்தொற்றுக்கு முன் எழுதப்பட்ட 89 முகமறி நிரல்களை எடுத்து, புகைப்படங்களின் மீது கணினியால் கவசம் வரைந்து சோதித்தது. கவசமில்லாத முகத்தில் சுமார் 0.3 விழுக்காடு மட்டுமே தவறிய சிறந்த நிரல்கள்கூட, கவசத்தோடு 5 விழுக்காடு அளவுக்குத் தவறின. மற்றபடி நல்ல நிரல்கள் பலவும் 20 முதல் 50 விழுக்காடு வரை தவறின. மூக்கை அதிகம் மறைக்கும் கவசம் அதிகப் பிழையைத் தந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அவை பேசிப் பூட்டுக்கான நிரல்கள் அல்ல என்றாலும், மூக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அது காட்டுகிறது.

அக்காலத்தில் பரவிய ஒரு தந்திரம் இன்றும் உலவுகிறது: கவசத்தைப் பாதியாக மடித்து முகத்தின் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, அதை மாற்றுத் தோற்றமாகப் பதிவுசெய்வது. இதைச் செய்தால், கண், புருவம், கவசத்தின் துணி ஆகியவற்றின் கலவையை உங்கள் முகம் என்று பேசிக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள். ஒத்த சாயலுள்ள தம்பியோ தங்கையோ அதே கவசத்தை மாட்டினால் வேறுபடுத்த உதவும் பகுதி மிகக் குறைவாகவே மிஞ்சும். 2022 மார்ச்சில் ஐபோனின் இயங்குதளத்துக்கு வந்த ஐஓஎஸ் 15.4 பதிப்பு முதல், ஐபோன் 12-உம் அதற்குப் பின் வந்த பல மாதிரிகளும், கண்களைச் சுற்றியுள்ள பகுதியின் தனித்தன்மையை வைத்துக் கவசத்தோடு திறக்கும் வசதியை முறையாகத் தருகின்றன. அதற்குக் கவசம் அணியாமல்தான் முகத்தைப் பதிய வேண்டும். பவர் கண்ணாடி அணிபவர்கள் தங்கள் கண்ணாடியையும் தனியாகச் சேர்க்க வேண்டும். பலர் இரண்டாவதைச் செய்யாமல் விட்டுவிட்டு வசதியைக் குறைசொல்கிறார்கள். கவசத்தோடு கூலிங் கிளாஸையும் சேர்த்து அணிந்தால் இது வேலை செய்யாது. முழு முகத்தைக் கொண்டு அறிவதே மிகத் துல்லியமானது என்று அந்த அமைப்புத் திரையிலேயே எழுதியிருப்பதால், எப்போதாவது மட்டும் கவசம் அணிபவர் இதை அணைத்தே வைக்கலாம்.

ஆண்ட்ராய்டு பேசிகளில் இன்னும் கவனம் தேவை. அவற்றில் பெரும்பாலானவை சாதாரண முன் கேமராவின் படத்தை மட்டுமே நம்புகின்றன. ஆகவே கறுப்புக் கண்ணாடி அங்கே உண்மையிலேயே கறுப்புதான். நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பான கன்சுமெண்டன்பாண்ட் சோதித்த 110 பேசிகளில் 42 பேசிகள் உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியதுமே திறந்துகொண்டதாக 2019 ஜனவரியில் செய்தி வந்தது. இத்தகைய பேசியில் கவசத்தோடு ஒரு தோற்றத்தைப் பதிவதும், கண் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குவதும், ஏற்கெனவே தளர்ந்த பூட்டை மேலும் தளர்த்துவதாகும். ஆண்ட்ராய்டு, முகம், விரல்ரேகை போன்ற உயிரியளவு முறைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்து, மிக வலுவான வகுப்பைச் சேர்ந்தவற்றையே செயலிகளின் மறைகுறிச் சாவிகளைக் காக்கும் பணிக்கு அனுமதிக்கிறது. உங்கள் வங்கிச் செயலி முகத்தை ஏற்காமல் விரல்ரேகையையோ பின் எண்ணையோ கேட்டால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். விரல்ரேகை உணரி உள்ள பேசியில், கவசம் அணியும் நாட்களில் விரலையே பயன்படுத்துவது எளிது.

முகம் பொருந்தாதபோது கடவுக்குறியீடு முன்னுக்கு வருகிறது என்பதை மறப்பதும் ஒரு தவறு. ஐபோனில் ஐந்து முறை தோற்றால் அதைத் தட்டியே ஆக வேண்டும். ஒரு நாளில் இருபது முறை தட்ட வேண்டியிருப்பதால் சலித்துப்போய் அதை 1234 என்றோ பிறந்த ஆண்டு என்றோ மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அதைப் பேருந்திலும் டிக்கெட் வரிசையிலும் அடுத்தவர் பார்க்கும்படித் தட்டுபவர்கள் இன்னும் அதிகம். இன்னொன்றும் உண்டு: முகம் ஓரளவு பொருந்தித் தோற்ற உடனேயே சரியான குறியீடு தட்டப்பட்டால், ஃபேஸ் ஐடி அந்த முகத்தின் புதிய தோற்றத்தையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தாடி வளர்ந்தாலும் வயதானாலும் அது நம்மை அடையாளம் காண்பது இப்படித்தான். ஆனால் சாயலில் ஒத்த மகனிடம் குறியீட்டைச் சொல்லிவைத்து, அவனும் இப்படியே திறந்துகொண்டிருந்தால், அந்தக் கற்றல் தவறான பக்கம் சாயக்கூடும்.

பேசிப் பூட்டையும் ஆதார் முகச் சரிபார்ப்பையும் ஒன்றென்று நினைப்பது கடைசியாகக் குறிப்பிட வேண்டியது. பூட்டுக்கான முகக் கணக்கு பேசிக்குள்ளேயே இருக்கிறது. ஓய்வூதியர்கள் 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டி வாழ்நாள் சான்று பெறும் முறையிலோ, கேமரா எடுக்கும் படம் ஆதாரில் உள்ள படத்தோடு ஒப்பிடப்படுகிறது. அங்கே செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும் என்பதால் கறுப்புக் கண்ணாடிக்கு இடமே இல்லை. கண்புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு இருக்கும் பெரியவரை அதைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தின் முன் உட்காரவைக்க வேண்டியதில்லை. விரல்ரேகைக் கருவி உள்ள மையத்திலோ, நேரில் வங்கியிலோ அதே சான்றைக் கொடுத்துவிடலாம்.